பருந்துக் குஞ்சின் கனம்

எங்கள் பிளாக்கில் பிள்ளைகளின் எடை குறையத் தொடங்கியதும் லிஃப்ட் நின்றுபோனதும் ஒரே மாதத்தில் நடந்ததால், முதலில் யாரும் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. ஒரு கையில் தண்ணீர்க் குடமும் இன்னொரு கையில் காய்கறிப் பையுமாக எட்டு மாடி ஏறுகிறவளுக்கு, இடுப்பில் இருக்கிற பிள்ளை மட்டும் நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டே வந்தால், அதை வேண்டாமென்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நாங்கள் சந்தோஷமாகத்தான் ஏறினோம்.

பருந்துகள் எங்கள் பிளாக்குக்கு வந்தது அதற்கும் முன்னால், மார்கழியில். நகரத்தில் ஆற்றோரம் இருந்த வீடுகளையெல்லாம் எடுத்துவிட்டு, பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டி, சதுப்பு நிலத்தை ஒட்டி வரிசையாகக் கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகளில் எங்களுடையதுதான் கடைசி. அதற்கப்புறம் கோரைப்புல்லும் தண்ணீரும், தண்ணீருக்கு அப்பால் நகரத்துக் குப்பையெல்லாம் வந்து சேர்கிற மேடும்தான். செய்யாறு பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் இங்கே வந்த அன்றைக்கே அந்த மேட்டின்மேல் பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன, என் வீட்டுக்காரர் லோகு அதைக் காட்டி, "பாத்தியா, உன்ன வரவேற்க வந்துருக்கு" என்று சொல்லி என்னைச் சிரிக்க வைத்தார். அந்தக் கூட்டத்தில் ஒரு ஜோடிதான் எங்கள் பிளாக்கை ஒட்டி நிற்கிற செல்போன் டவரில், சரியாக எட்டாவது மாடி நடையில் நின்றால் கண்மட்டத்துக்கு வருகிற உயரத்தில், சுள்ளியும் கம்பித் துண்டும் பிளாஸ்டிக் கயிறும், நான் கொடியில் போட்டுக் காணாமல்போன ஆரஞ்சு நைட்டியின் ஒரு கிழிசலுமாக, கூடு கட்டத் தொடங்கியது.

துணி காயப்போட வருகிற சாக்கில் நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். ஆண் பருந்து காலில் ஒரு எலியைப் பிடித்துக்கொண்டு நேராகக் கூட்டுக்கு வந்து இறங்கும்போது, கீழே கோழிக்கடை வைத்திருக்கிற கோகிலா அக்கா, "பாருங்கடி, அது ஆம்பள. சம்பாரிச்சத எடுத்துக்கினு வழியில எங்கயும் நிக்காம வூட்டுக்கு வருது பாரு" என்று தன் புருஷனுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வாள். பெண் பருந்து முட்டையின்மேல் உட்கார்ந்து வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது, பக்கத்து வீட்டு ஜரீனா தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பாவம், அதுக்கும் பேன் இல்ல" என்பாள். மாசி மாதத்தில், அழுக்குப் பஞ்சுபோல ஒரே ஒரு குஞ்சு கூட்டின் விளிம்பில் தலை தூக்கியது. ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கிற அளவுக்கு நாங்கள் அதைக் கொண்டாடினோம், சூப்பைக் குடித்தது நாங்கள்தான் என்றாலும்.

திருஷ்டி கழிப்பதற்கு இந்த இடத்தில் வழியில்லை என்பதுதான் எங்களுக்குப் பெரிய குறையாக இருந்தது. மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டால் ஒரு நடையில் இருக்கிற எல்லா வீடும் இருமும். பூசணிக்காயை உடைக்கலாமென்றால் பைக் நிறுத்துகிற இடத்தைத் தவிர வேறு தரையில்லை, போன பொங்கலில் அதில் வழுக்கி ஒருத்தருக்குக் கை உடைந்தது. முச்சந்தி என்று சொல்ல ஒரு முச்சந்தி கிடையாது. எங்கே போட்டாலும் இன்னொருத்தர் பிள்ளை அதை மிதிக்கும். அதனால்தான் கோகிலா அக்கா ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடையில் மீந்த ஈரல் துண்டை எடுத்துவந்து, தன் மகன் ரோஹித்தை நடையில் உட்கார வைத்து, தலையை வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்றி, சுவருக்கு வெளியே கையை நீட்டினாள். ரோஹித் அப்போது நாலு வயதில் ஆறு வயது உடம்போடு இருந்தான், பார்க்கிறவர்கள் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். பெண் பருந்து டவரிலிருந்து சரிந்து வந்து, தோலில் ஒரு கீறல்கூடப் படாமல், உள்ளங்கையிலிருந்து ஈரலை எடுத்துக்கொண்டு போய்க் குஞ்சின் வாயில் வைத்தது.

"திஷ்டி வானத்துக்கே பூடிச்சிடி" என்றாள் கோகிலா அக்கா, வெறும் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டி.

"எங்க வீட்லயும் பெரியவங்க இப்படித்தான் கறியைத் தலையச் சுத்திப் பருந்துக்குப் போடுவாங்க" என்றாள் ஜரீனா. "ஆனா தூக்கி எறிவாங்க. கையிலருந்தா எடுக்கும்?"

"எடுத்துச்சே."

அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் நடைச் சுவரோரம் வரிசையில் நின்றோம். தண்ணீர் லாரிக்கு முறை வைக்கிற மாதிரி இதற்கும் முறை வைத்துக்கொண்டோம், வடக்கு வீட்டிலிருந்து ஆரம்பித்துத் தெற்கு வரைக்கும், மற்ற மாடிக்காரர்கள் கடைசியில். நான் என் மகள் தன்ஷிகாவை மடியில் வைத்து, ஒரு கோழி ஈரலை அவள் தலையைச் சுற்றி, என் வலது கையை வெளியே நீட்டினேன். இறக்கைக் காற்று என் முகத்தில் பட்டது. பாப்பா கைகொட்டிச் சிரித்தாள். கூட்டிப் பெருக்க வேண்டியதில்லை, யாரும் இருமவில்லை, யாரும் மிதிக்கவில்லை. இவ்வளவு சுத்தமான காரியம் எங்கள் பிளாக்கில் அதற்கு முன் நடந்ததே இல்லை.

பங்குனியில் அங்கன்வாடியில் எடை போட்டபோது கோமளா டீச்சர் தராசைத் தட்டிப் பார்த்தார், பேட்டரியை மாற்றினார், பக்கத்து சென்டரிலிருந்து வேறு தராசு வாங்கி வந்தார். கன்னமும் தொடையும் அப்படியே இருந்தன, கையில் நாடா சுற்றி அளந்தால் போன மாதத்தைவிட ஒரு நூல் கூடத்தான் இருந்தது. ஆனால் எட்டு கிலோ இருந்த என் பாப்பா தராசில் ஐந்து காட்டினாள், ரோஹித் ஒரு பூசணிக்காய் அளவுக்கு இறங்கியிருந்தான்.

"தராசு பொய் சொல்லுது, இல்லன்னா நீங்க எல்லாரும் சேந்து பொய் சொல்றீங்க" என்றார் டீச்சர்.

"எடைய நாங்க எங்க டீச்சர் ஒளிச்சு வைக்கிறது, ஜாக்கெட்டுக்குள்ளயா?" என்றாள் கோகிலா அக்கா.

மேலே இருந்து ஒரு அதிகாரி வந்து பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நகத்தை அழுத்தினார், "எல்லாம் கொழுகொழுன்னு இருக்காங்க, மெஷினை மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மெஷினை மாற்றினார்கள். சித்திரையில் பாப்பா இரண்டு கிலோவானாள்.

அந்தச் சித்திரையைப் போல ஒரு நல்ல மாதம் எங்களுக்கு அமைந்ததில்லை. பிரசவத்துக்கப்புறம் இடுப்பு வலி என்று படுத்த பெண்கள் எல்லாம் எழுந்து நடந்தார்கள், ஒரு தோளில் ஒன்று மறு தோளில் ஒன்று என்று பிள்ளைகளைத் துண்டு போடுவதுபோலப் போட்டுக்கொண்டு மாடி ஏறினார்கள், பிள்ளைகள் படியில் தவறி விழுந்தால் இலவம் பஞ்சு விழுவதுபோல மெதுவாக வந்து நின்று மறுபடி ஓடிப்போய் விழுந்து விளையாடினார்கள், ஒரு முழங்காலில் ஒரு சிராய்ப்பு இல்லை, தூளியில் போட்டால் தூளி தொங்கவில்லை, அதனால் அடியில் ஒரு செங்கல்லை வைத்து ஆட்டினோம். பக்கத்து பிளாக்குப் பெண்கள் வயிற்றெரிச்சலோடு பார்த்தார்கள். லோகு வேலை முடிந்து வந்து பாப்பாவை ஒரு விரலில் உட்கார வைத்து, "என் பொண்ணு ஜாதிமல்லி, முழம் என்ன வெலை?" என்று நடை முழுக்கக் கூவிக்கொண்டு போவார்.

குஞ்சும் நன்றாக வளர்ந்தது. பஞ்சு உதிர்ந்து, பழுப்பில் வெளிர்ப்புள்ளி தெறித்த இறகுகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்திலிருந்து மைதிலி மேடம் என்று ஒருவர் ஸ்கூட்டரில் வருவார், முக்காலியில் தொலைநோக்கியை வைத்துப் பருந்துக் கூடுகளைப் பார்ப்பதுதான் அவருக்கு விடுமுறை. எங்கள் நடையிலிருந்து பார்த்தால் கழுத்து வலிக்காது என்று கேட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலிலேயே முக்காலியைப் போடுவார், நான் டீ கொடுப்பேன், அவர் என்னையும் பார்க்கச் சொல்வார். கண்ணை வைத்ததும் குஞ்சு என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது, அதன் கருத்த கண்ணில் எங்கள் பிளாக் முழுவதும் சின்னதாகத் தெரிந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிறு மேடம் வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குப்பைமேட்டுப் பக்கம் இருக்கிற மத்த குஞ்செல்லாம் பறந்து போயிடுச்சு, செவ்வந்தி. இது மட்டும் ஏன் கூட்டிலேயே இருக்கு? இறக்கை முழுசா இருக்கு. தினம் அடிச்சுப் பாக்குது. எழும்பல."

"சோம்பேறியா இருக்கும் மேடம். ஊட்டி விட்டா யாரு எழுந்திருப்பா?"

அவர் சிரிக்கவில்லை. "கூட்டுக்குக் கீழே அந்த இரும்பைப் பாருங்க."

பார்த்தேன். குஞ்சு ஒரு நாட்டுக்கோழி அளவுக்குக்கூட இல்லை. அதன் கீழே டவரின் இரும்புச் சட்டம், வெயிலில் வைத்த மெழுகுவர்த்திபோல, எங்கள் பக்கமாக வளைந்திருந்தது.

நான் பத்தாவதுவரை எங்கள் ஊர் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கணக்கு எனக்கு நன்றாக வரும், ஆனால் இதற்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. அரிசி மூட்டையில் குறைந்தது பக்கத்துப் பானையில் நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலமே நடையில் எல்லோரையும் கூட்டி, இனிமேல் ஈரல் சுற்ற வேண்டாம் என்று சொன்னேன். சுற்றிப் போட்டது திருஷ்டி மட்டுமில்லை, பிள்ளையும்தான் என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். கோகிலா அக்கா மட்டும் எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று டவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ரோஹித்தை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நிறுத்தினோம். பெரிய பருந்துகள் இரண்டும் சுவரோரம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போயின. பிள்ளைகளிடமிருந்து போன கனம் திரும்பி வரவில்லை.

ஆனியில் காற்று தொடங்கியது. சதுப்பு நிலத்தைத் தாண்டி, குப்பை வாசத்தோடு, மதியம் மூன்று மணிக்கு எழுந்து எங்கள் பிளாக்கின்மேல் மோதுகிற காற்று. முதல் நாள் அது ரோஹித்தைத்தான் தூக்கியது. மொட்டை மாடியில் வடாம் காயப்போட்ட இடத்தில் நின்றிருந்தவன், சட்டை உப்பி, கையை விரித்துக்கொண்டு, பக்கத்து பிளாக் மாடிக்குப் போய் இறங்கினான். இறங்கின இடத்தில் நின்று இன்னொரு தரம் என்று கத்தினான். கோகிலா அக்கா படியிறங்கி, பைக்குகளுக்கு நடுவில் ஓடி, அந்த பிளாக்கின் படியெல்லாம் ஏறி அவனைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, அவள் வாயிலிருந்து ஒரு வசவும் வரவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

அதற்கப்புறம் நாங்கள் பிள்ளைகளுக்குக் கனம் கட்டினோம். வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை மீன் மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்து அரைஞாண் கயிற்றில் கோத்தோம். தையல் தெரிந்தவர்கள் சட்டை விளிம்பில் மணலை வைத்துத் தைத்தார்கள். தாயின் இடுப்புக்கும் பிள்ளையின் இடுப்புக்கும் பழைய புடவையைக் கிழித்துக் கயிறு திரித்துக் கட்டிக்கொண்டோம். சந்தையில், பஸ்ஸில், ரேஷன் கடையில், எங்கள் பிளாக்குப் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும், நடக்கும்போது மணி கோத்த மாடுபோல ஈயம் இடிக்கிற சத்தம் வரும், காற்று வந்தால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும். கண்டக்டர்கள் பழகிவிட்டார்கள். "பிள்ளையக் கட்டிக்கம்மா, ஜன்னல் தொறந்திருக்கு" என்பார்கள். ஜரீனாவுக்கு இரண்டாவது பிறந்தது நல்ல கனத்தோடு இருந்தது. அதைக் கையில் வாங்கின ஒவ்வொருத்தியும் கொஞ்ச நேரம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

டவர் மதியக் காற்றில் முனகியது. ஆனி முடிகிற சமயம், கம்பெனியிலிருந்து பெல்ட் கட்டின ஆட்கள் இரண்டு பேர் வந்து, ஆடிக் காற்றுக்கு முன்னால் டவரைக் கழற்றப் போவதாகவும் அதற்கு முதலில் கூட்டை எடுக்க வேண்டுமென்றும் சொன்னார்கள். கூட்டை எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன். வனத்துறைக்குச் சொல்லியாச்சு, வண்டி வந்து எடுத்துப் போய்விடும் என்றார்கள். எங்கே என்று கேட்டதற்கு, அது எங்களுக்கு எப்படிம்மா தெரியும் என்றார்கள்.

நடையில் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், கணக்கை முதலில் சொன்னவள் நான்தான் என்பதால்.

"குடுத்த வழியிலயே திருப்பி வாங்கணும்" என்றேன். "ஈரலப் பிள்ளையச் சுத்திக் குஞ்சுக்குக் குடுத்தோம். சோத்தக் குஞ்சச் சுத்திப் பிள்ளைக்குக் குடுப்போம். குடுத்த கைதான் வாங்கணும். அவங்கவங்க பிள்ளைக்கு அவங்கவங்க."

"வருமாடி?" என்றாள் கோகிலா அக்கா.

"வண்டி வந்துட்டா வராது."

ஆட்கள் கயிறு கட்டிக் குஞ்சை இறக்கினார்கள். பாதி வழியில் கயிறு நெறிந்தது. "இது என்னம்மா குஞ்சா, கிரைண்டர் கல்லா?" என்று மேலிருந்து ஒருவர் கத்தினார். பைக் நிறுத்துகிற இடத்து மணலில் இறங்கியதும் அது கணுக்கால்வரை புதைந்தது. அலகைப் பார்த்து எல்லோரும் பின்வாங்கினார்கள். ஊரில் சேவலுக்கு இறக்கை வெட்டும்போது பிடிப்பவள் நான்தான், அதனால் நானே உட்கார்ந்து, இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன். அசைக்க முடியவில்லை, மண்ணுக்குள் நட்டு வைத்ததுபோல இருந்தது. அதன் நெஞ்சு படபடவென்று என் உள்ளங்கையில் அடித்தது. மேலே தாயும் தகப்பனும் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன.

முறைப்படி வடக்கு வீட்டிலிருந்து வந்தார்கள். ஒருத்தி சோற்று உருண்டையைக் குஞ்சின் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, தன் பிள்ளை வாயில் வைத்தாள். பிள்ளை மென்றது. ஒன்றும் ஆகவில்லை. விழுங்கியது. உடனே அவள் "அம்மாடீ" என்று பிள்ளையோடு மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. கோகிலா அக்கா ரோஹித்தைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே ஊட்டினாள், அவன் விழுங்கினதும் முதுகு வளைந்து, "எரும மாடு, எரும மாடு" என்று அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டே தரையில் சாய்ந்தாள். ஒவ்வொரு பிள்ளை விழுங்கும்போதும் என் கைக்குள் குஞ்சு ஒரு படி லேசானது. பாதி வரிசை முடிந்தபோது கால் மணலைவிட்டு வெளியே வந்தது. கைக்குழந்தையோடு மெதுவாக இறங்கி வந்த ஜரீனா எல்லோருக்கும் கடைசியில் ஊட்ட, அவள் மூத்தவன் விழுங்கினபோது நான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள முடிந்தது.

மடியில் வைத்ததும் தெரிந்துவிட்டது. அது என் பாப்பாவின் கனம். தராசு வேண்டாம், டீச்சர் வேண்டாம், பங்குனிக்கு முன்னால் பால் குடித்துவிட்டு என் தொடையில் தூங்கினாளே, அதே கனம், அதே சூடு. பாப்பாவோ புடவைக் கயிற்றின் முனையில், என் தலைக்குமேல், காற்றில் ஆடிக்கொண்டு ஈயக்குண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"யாராச்சும் இதப் பிடிங்க" என்றேன்.

எல்லோருடைய கையும் நிறைந்திருந்தது. மணலில் அங்கங்கே உட்கார்ந்து, திரும்பி வந்த கனத்தைத் தாங்க முடியாமல், அதை இறக்கி வைக்கவும் மனசில்லாமல், அத்தனை பேரும் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜரீனா மட்டும் எழப் பார்த்தாள், ஒரு தொடையில் மூத்தவன், மறு தொடையில் கைக்குழந்தை. வனத்துறை வண்டி கேட்டுக்குள் திரும்புகிற சத்தம் கேட்டது. நான் குஞ்சை இடது கைக்கும் முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையைச் சோற்றுக் கிண்ணத்துக்கு நீட்டினேன்.

மூன்று மணிக் காற்று அப்போதுதான் எழுந்தது. ஒரு இறக்கை விடுபட்டது, அவ்வளவுதான் தேவையாக இருந்தது. நிறைமாத வாத்துபோலத் தடுமாறி, மணலை வாரி என் கண்ணில் இறைத்துவிட்டு, பைக்குகளின்மேல், பிறகு சுவரின்மேல், பிறகு தாயும் தகப்பனும் இருபுறமும் கூடவே வர, கோரைப்புல்லின்மேல் அது பறந்து போனது.

அதிலிருந்து எங்கள் பிளாக்கில் எல்லாப் பிள்ளைகளும் தரையில் தடதடவென்று ஓடுகிறார்கள், விழுந்தால் ரத்தம் வருகிறது, அம்மாக்கள் அதற்கு அடிக்கிறார்கள். என் பாப்பா என் இடுப்புக் கயிற்றில் இருக்கிறாள். பேச்சு நன்றாக வந்துவிட்டது. நடை மட்டும் பழகவில்லை, நடக்கத் தரை வேண்டுமே. லோகு இப்போது முழம் என்ன விலை என்று கூவுவதில்லை. வேலைக்குப் போகும்போது கயிற்று முடிச்சைச் சோதித்துவிட்டுத்தான் போகிறார்.

பருந்தை நாங்கள் தினமும் பார்க்கிறோம். டவர் போனபின்னும் அது குப்பைமேட்டுக்கும் எங்கள் பிளாக்குக்கும் நடுவிலேதான் சுற்றுகிறது. முதலில் அது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பறந்தது. கார்த்திகையில் எட்டாவது மாடிக்கு நேராக. தையில் ஐந்தாவது மாடிக்காரர்கள், எங்கள் நடையில் பார்த்தோம் என்றார்கள். மைதிலி மேடம் தொலைநோக்கியை இறக்கி வைத்துவிட்டு, "இதுக்கு நோய் எதுவும் இல்லை, செவ்வந்தி. ஆனா மாசத்துக்கு மாசம் கனம் ஏறுது. இப்படியே போனா வெயில் காலத்துக்குள்ள தரைக்கு வந்துடும்" என்றார்.

ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரியும். பாப்பா வளர்கிறாள், கை கால் நீள்கிறது, சாப்பிடுகிறாள். அவள் வைக்கிற சதையெல்லாம் எங்கே போய் எடையாகிறதென்று, ஒருநாள் இட்லி ஊட்டிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன். ஒரு வாய் விழுங்கினாள், தூரத்தில் பருந்து ஒரு சாண் இறங்கியது. இன்னொரு வாய். இன்னொரு சாண்.

இப்போது என் பாப்பாவுக்கு பிளாக் முழுவதும் சமைக்கிறது. பருந்து கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறங்கினால்தானே அதன் தலையைச் சுற்றிச் சோறு எடுக்க முடியும். கோகிலா அக்கா மிளகு போட்டு ஈரல் வறுத்துக் கொண்டுவருகிறாள். ஜரீனா நெய்யில் சேமியா கிளறுகிறாள். கோமளா டீச்சர் சத்துமாவில் வெல்லம் கூடப் போட்டு உருண்டை பிடித்துக் கொடுத்தனுப்புகிறார். ஆனால் கண்ட நேரத்தில் ஊட்ட முடியாது. பருந்து தண்ணீர்மேல் இருக்கும்போது இறங்கினால் தண்ணீரோடு போய்விடும். லாரி ரோட்டின்மேல் இறங்கினால் ரோட்டோடு. அதனால் அது அந்தப் பக்கம் சுற்றுகிறவரைக்கும், பாப்பா பசியில் என் முடியைப் பிடித்து இழுத்து அழுதாலும், நான் கிண்ணத்தை மூடியபடி மடியில் வைத்துக்கொண்டு, "இரு கண்ணு, வரும், வரும்" என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் மணலின்மேல் அது வந்ததும் மூடியைத் திறப்பேன்.

தெரு நாய்களும் இதைக் கவனித்துவிட்டன. கொஞ்ச நாளாக அவை குப்பைமேட்டுக்குப் போவதில்லை. காலையில் வந்து சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி, பருந்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. விரட்டினால் எழுந்து நாலடி தள்ளி உட்கார்கின்றன. அந்தப் பருந்தை எது தின்கிறதோ, கனம் அதற்குப் போய்விடும். அதற்கப்புறம் நான் எந்த நாயின் தலையைச் சுற்றி எந்தச் சோற்றை எடுப்பது?

இன்றைக்குக் காலையில் அது பைக்குகளின் கண்ணாடி உயரத்துக்கு வந்தது. நான் பாப்பாவைக் கயிற்றோடு இழுத்து மடியில் இருத்தி, ஈயக்குண்டின்மேல் என் காலை அழுத்தி வைத்துக்கொண்டு ஊட்டினேன். சுற்றியும் எல்லோரும் நின்றார்கள். கோகிலா அக்கா கையில் விறகுக் கட்டையோடு நாய்களுக்கு எதிரே நின்றாள், அவை ஒன்றல்ல, ஒரு கட்டைக்கு அடங்குகிறவையும் அல்ல. பருந்து இறக்கையை அடித்து அடித்து மணலைக் கிளப்பிக்கொண்டு, முழ உயரத்தில், அரை முழ உயரத்தில், எங்களைச் சுற்றி வந்தது. அதன் வாய் திறந்திருந்தது.

பாப்பா கடைசி வாயைக் கன்னத்தில் அதக்கி வைத்துக்கொண்டாள். அவளும் பருந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுங்குடி தங்கம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று.

"பாப்பா, அத்தைக்காக" என்றாள் ஜரீனா.

"முழுங்குடி, ஒன் கால்ல விழறேன்" என்றாள் கோகிலா அக்கா, நாய்களைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

நான் அவள் முதுகைத் தடவினேன். கன்னத்தைத் தடவினேன். நேற்றுவரை சொன்ன கதையெல்லாம் சொன்னேன். பருந்தின் இறக்கை நுனி மணலில் கோடு கிழித்துக்கொண்டு போனது. பாப்பாவின் தொண்டை ஏறி, இறங்கியது.

பருந்தின் கால் தரையைத் தொட்டது. நாய்கள் எழுந்தன. நானும் எழுந்தேன்.